படியெல்லாம் எழுதியும் சமன்பாடு தப்பாக வருகிறது, எங்கே பார்ப்பது?

நிலாமுற்றம்:

மகள் ஒன்பதாவது படிக்கிறாள். வாய்ப்பாடு, பின்னம், தசமம் எதிலும் தடுமாறுகிற பிள்ளை இல்லை. ஆனால் சமன்பாடு என்று வந்தால் பாதிக்குப் பாதி விடை தப்பாகிறது, அதுவும் படிகளை ஒழுங்காக எழுதியிருக்கும்போதே. நேற்று சேர்ந்து உட்கார்ந்து பார்த்த கணக்கு ஒன்றைத் தருகிறேன். எக்ஸ் போட ஒவ்வொரு தடவையும் விசைப்பலகையை மாற்ற வேண்டியிருப்பதால் அந்த இடத்தில் ‘க’ என்று போட்டிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

(க + 3)/2 − (க − 1)/3 = 4

புத்தகத்தில் இது மேலே, கீழே, நடுவில் கோடு என்று அச்சாகியிருக்கிறது, அடைப்புக்குறி இல்லை. இங்கே ஒரே வரியில் அடிப்பதற்காக நான் போட்டது. அவள் எழுதியது:

3க + 9 − 2க − 2 = 24
க + 7 = 24
க = 17

பின்பக்கம் விடை 13 என்று இருக்கிறது. 2, 3 இரண்டுக்கும் மீ.பொ.ம (மீச்சிறு பொது மடங்கு) 6, அதனால் எல்லாவற்றையும் 6-ஆல் பெருக்கணும் என்று சரியாகத்தான் பிடித்திருக்கிறாள். வலப்பக்கத்து 4-ஐயும் மறக்காமல் 24 ஆக்கியிருக்கிறாள். அதற்கப்புறம் வரிக்கு வரி பார்த்தால் எனக்கு எல்லாமே சரியாகத் தெரிகிறது. போனில் கணக்கைப் படமெடுத்துப் போட்டால் படிப்படியாக விடை காட்டும் செயலி ஒன்று வைத்திருக்கிறாள். அதைப் பார்த்துவிட்டு “ஓ, இதுதானா” என்று சொல்லிவிடுகிறாள், அடுத்த கணக்கில் மறுபடியும் பழைய கதைதான்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். “அந்தப் பக்கம் போனால் குறி மாறும்” என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், நானும் அதையே அவளுக்குச் சொன்னேன். அது போதுமா? ஒரு கணக்குக்கு எத்தனை படி எழுதச் சொல்வது?


கோடுபோட்டநோட்டு:

முதல் வரியிலேயே போய்விட்டது. −2-ஆல் (க − 1) முழுவதையும் பெருக்கணும். −2 × −1 = +2. அவள் −2 என்று எழுதியிருக்கிறாள். +2 போட்டால் க + 11 = 24, க = 13.


சாயங்காலவகுப்பு:

மேலே நண்பர் சொன்னது சரி, ஆனால் இதைக் குழந்தையிடம் “குறியைக் கவனி” என்று மட்டும் சொல்லிவிட்டால் அடுத்த வாரம் இதே கேள்வியோடு வருவீர்கள். நான் பல வருடங்களாக எட்டு, ஒன்பது, பத்து வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறேன், இந்த இடத்தில் விழாத பிள்ளையைப் பார்ப்பது அபூர்வம். கவனக்குறைவு என்று திட்டுவார்கள். உண்மையில் அங்கே ஒரு வரி காணாமல் போயிருக்கிறது, அவ்வளவுதான். அவள் எழுதாமல் தாண்டிய வரி இது:

3(க + 3) − 2(க − 1) = 24

பின்னக் கோடு என்பது கோடு மட்டும் இல்லை, அதுவே ஓர் அடைப்புக்குறி. க − 1 என்பது மொத்தமாக 3-ஆல் வகுபடுகிறது என்பதை அந்தக் கோடுதான் சொல்கிறது. 6-ஆல் பெருக்கினதும் கோடு மறைந்துவிடும். கோடு போகிற அதே வரியில் அடைப்புக்குறி வந்து உட்கார்ந்தாக வேண்டும், இல்லையென்றால் முன்னால் நிற்கும் கழித்தல் குறி பக்கத்தில் இருக்கும் க-வை மட்டும் தொட்டுவிட்டு நின்றுவிடும். முதல் பின்னத்துக்கு முன்னால் கூட்டல் என்பதால் அடைப்புக்குறி இல்லாமலேயே தப்பித்துவிட்டது, பார்த்தீர்களா? அதனால்தான் பிள்ளைகளுக்கு இது பழக்கமே ஆவதில்லை. கூட்டலில் ஒன்றும் ஆகாது, கழித்தல் வரும்போது மட்டும் கவிழ்த்துவிடும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தப்பும் உண்டு, அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். இதே கணக்கு “= 4” இல்லாமல் வெறும் (க + 3)/2 − (க − 1)/3 என்று கொடுத்து “சுருக்குக” என்று கேட்டிருந்தால், அதையும் 6-ஆல் பெருக்கிக் கீழே இருப்பதைத் தூக்கி எறிந்துவிட்டு க + 11 என்று விடை எழுதுவார்கள். அது தப்பு. (க + 11)/6 என்றுதான் வர வேண்டும். சமக்குறி இருந்தால் இரண்டு பக்கத்தையும் பெருக்கலாம், கோவை மட்டும் இருந்தால் மறுபக்கம் என்று ஒன்று இல்லையே, எதை வைத்துச் சரிக்கட்டுவது? கணக்கைப் படித்ததும் சமக்குறி இருக்கிறதா என்று ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

விடை சரிபார்ப்பதையும் பழக்க வேண்டும். 17-ஐப் போட்டுப் பார்த்தால் 20/2 என்பது 10, அதிலிருந்து 16/3 போனால் 14/3, அது 4 இல்லை. 13-ஐப் போட்டால் 16/2 − 12/3, அதாவது 8 − 4 = 4. இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது, புத்தகத்தின் பின்பக்கத்தைத் திறக்கவும் வேண்டாம். ஒரே நிபந்தனை, கொடுத்த கணக்கின் முதல் வரியில்தான் போட்டுப் பார்க்க வேண்டும். நடுவில் தான் எழுதிய வரியில் போட்டால் தப்பான விடையும் பொருந்தும்: 17-ஐ க + 7 = 24-இல் போட்டுப் பாருங்கள், அழகாகப் பொருந்தும்.

“அந்தப் பக்கம் போனால் குறி மாறும்” என்பதை நான் வகுப்பில் சொல்வதே இல்லை. க + 7 = 24 மாதிரி கணக்கில் அது வேலை செய்யும். 5க = 20 என்று கொடுங்கள். ஒரு பிள்ளை க = 20 − 5 என்று எழுதும், இன்னொன்று இன்னும் ஒரு படி மேலே போய், 5 அந்தப் பக்கம் போய்விட்டது, குறி மாற வேண்டும் என்று க = 20/−5 எழுதும். அதுகளைக் குறை சொல்ல முடியாது, கொடுத்த விதியைத்தான் பின்பற்றுகிறது. சமன்பாட்டில் எதுவும் எங்கேயும் போவதில்லை. இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்கிறோம், அதில் ஒரு பக்கம் ஓர் உறுப்பு அடிபட்டுப் போகிறது. க + 7 = 24-இல் இரண்டு பக்கமும் 7-ஐக் கழிக்கிறோம். 5க = 20-இல் இரண்டு பக்கமும் 5-ஆல் வகுக்கிறோம். நோட்டில் வலது ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே “இருபுறமும் −7”, “இருபுறமும் ÷5” என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதம் எழுதினால் போதும், அப்புறம் எழுதாமலேயே மனதில் ஓடும்.

தராசை வைத்துச் சொல்லிக் கொடுக்கலாம் என்று பலர் சொல்வார்கள். தொடக்கத்துக்கு நல்லதுதான், ஆனால் −3க வந்தவுடன் தராசில் என்ன வைப்பது என்று பிள்ளை கேட்டால் நமக்குப் பதில் இருக்காது.

அப்புறம் சமக்குறியை எப்படிப் பயன்படுத்துகிறாள் என்று பாருங்கள். “3 × 4 = 12 + 5 = 17” என்று தொடர்ச்சியாக எழுதுவது பிள்ளைகளிடம் சாதாரணம். விடை சரி, எழுதியது பொய்: 3 × 4 எங்கே 17 ஆகும்? 1557-இல் ராபர்ட் ரெக்கார்டு என்பவர் இந்தக் குறியை அச்சில் கொண்டுவந்தபோது, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறு இல்லை என்று காரணம் சொன்னார். “அடுத்து விடை வருகிறது” என்று சொல்லும் அம்புக்குறியாக அதைப் பழகிவிட்ட பிள்ளைக்கு, இரண்டு பக்கமும் க இருக்கும் சமன்பாடு புரியவே புரியாது. 7க − 4 = 3க + 12-இல் விடை எந்தப் பக்கம் என்று கேட்கும்.


வேகக்கணக்கு:

எல்லாம் சரி ஐயா, ஆனால் தேர்வில் இவ்வளவு வரி எழுத நேரம் எங்கே இருக்கிறது? ஓரத்தில் காரணம் எழுதி, அடைப்புக்குறிக்குத் தனி வரி போட்டு, சரிபார்த்து... நான் படிக்கும்போது இதையெல்லாம் ரெண்டே வரியில் முடிப்பேன், ஒன்றும் ஆகவில்லை. நல்லாப் போடுகிற பிள்ளையை இப்படி இழுத்துப் பிடித்தால் சலித்துப் போகும். மாற்றிப் போடுகிற முறையும் காலங்காலமாக எல்லோரும் செய்வதுதானே.


சாயங்காலவகுப்பு:

சரியாகப் போடுகிறவர் ரெண்டு வரியில் போடட்டும், யார் வேண்டாம் என்றது. இங்கே கேள்வி, விடை தப்பாக வரும் ஒரு பிள்ளையைப் பற்றி. நான் சொல்வது ஒரு வரியில் ஒரு வேலை என்பதுதான். இனமொத்த உறுப்புகளைச் சேர்ப்பது, எண்களைச் சுருக்குவது இதையெல்லாம் சேர்த்துச் செய்தாலும் மோசமில்லை. ஆனால் பின்னத்தை நீக்குவது, அடைப்புக்குறியைத் திறப்பது, இந்த இரண்டையும் ஒரே வரியில் செய்யக் கூடாது. அந்தப் பிள்ளை செய்தது அதைத்தான். ஒரு வரி மிச்சம் பிடித்தாள், முழுக் கணக்கையும் கோட்டை விட்டாள். அதோடு, படிகளுக்கு மதிப்பெண் உள்ள தேர்வில் 3(க + 3) − 2(க − 1) = 24 என்ற வரி தாளில் இருந்தால், கீழே எங்கே தப்பினாலும் அதுவரைக்கும் உள்ளது கிடைக்கும்.

செயலி பற்றிக் கேட்டிருந்தீர்களே. அதைத் தூக்கி எறிய வேண்டாம். முதலில் தானே கடைசி வரை போட்டு முடிக்கட்டும், அப்புறம் செயலியைத் திறந்து தன் வரிகளையும் அதன் வரிகளையும் மேலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, எந்த வரியில் முதலில் வித்தியாசம் வருகிறதோ அங்கே வட்டம் போடட்டும். அந்த வட்டங்கள் கொஞ்சம் சேர்ந்ததும் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் எல்லாம் ஒரே ரகமாக இருக்கும்: கழித்தலுக்குப் பின்னால் அடைப்புக்குறி, இல்லையென்றால் ஏதாவது ஓர் உறுப்பைப் பெருக்காமல் விட்டது. செயலி எழுதும் படிகள் சில சமயம் தேவைக்கு மேல் நீளும், அதையும் அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை.


நிலாமுற்றம்:

ரொம்ப நன்றி. பின்னக் கோடே அடைப்புக்குறி என்பதை அவளிடம் சொன்னேன், பழைய நோட்டைப் புரட்டித் தானே மூன்று இடத்தில் கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் உடனே உங்களையே மடக்கும் கேள்வி ஒன்று கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை. இருபடிச் சமன்பாடு ஒன்று:

க² = 5க

இரண்டு பக்கமும் ஒரே வேலை செய்தால் சரி என்றீர்கள் அல்லவா. அவள் இரண்டு பக்கமும் க-ஆல் வகுத்தாள், க = 5. முதல் வரியில் போட்டும் பார்த்தாள், 25 = 25, சரிதான். புத்தகத்தில் விடை 0, 5 என்று இரண்டு இருக்கிறது. “நான் விதிப்படிதானே செய்தேன், 0 எங்கே போனது?” என்கிறாள்.


பூச்சியமும்_எண்தான்:

நல்ல கேள்வி, உங்கள் மகளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இரண்டு பக்கமும் ஒரே வேலை என்பதோடு இன்னொன்றும் கேட்க வேண்டும்: கீழ் வரியிலிருந்து மேல் வரிக்குத் திரும்பி வர முடியுமா, மேல் வரிக்குப் பொருந்திய எல்லாமே கீழ் வரிக்கும் பொருந்துகிறதா? 7-ஐக் கழித்தால் 7-ஐக் கூட்டித் திரும்பிவிடலாம். 5-ஆல் வகுத்தால் 5-ஆல் பெருக்கித் திரும்பலாம். க-ஆல் வகுக்கும்போது க என்ன எண் என்று நமக்கே தெரியாது, அது 0-ஆக இருந்தால் 0-ஆல் வகுத்ததாகிவிடும், அப்படி ஒரு வேலையே கணக்கில் கிடையாது. அதனால் க-ஆல் வகுத்த அந்த நொடியில் “க பூச்சியம் இல்லை” என்று நாமே சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். பூச்சியமோ ஒரு விடை. போயே போய்விட்டது.

வகுக்காமல் எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவரச் சொல்லுங்கள்:

க² − 5க = 0 (இருபுறமும் −5க)
க(க − 5) = 0 (பொதுக் காரணி வெளியே)
க = 0 அல்லது க = 5

இரண்டு எண்களின் பெருக்கல் பூச்சியம் என்றால் அவற்றில் ஒன்றாவது பூச்சியமாக இருந்தே ஆகணும், கடைசி வரிக்கு அதுதான் காரணம். இது பூச்சியத்துக்கு மட்டும்தான் செல்லும். க(க − 5) = 6 என்று இருந்தால் க = 6, க − 5 = 6 என்று எழுதுவார்கள் சிலர், அது செல்லாது, 6-ஐ எத்தனையோ விதமாகப் பிரிக்கலாமே. அங்கே க² − 5க − 6 = 0 என்று மாற்றி (க − 6)(க + 1) = 0, விடை 6, −1.

எதிர்ப்பக்கமும் உண்டு, சில வேலைகள் இல்லாத விடையைக் கொண்டுவந்து சேர்க்கும். √(க + 6) = க. வர்க்கமூலத்தை நீக்க இருபுறமும் வர்க்கப்படுத்துவோம்: க + 6 = க², அதாவது (க − 3)(க + 2) = 0. விடை 3, −2. முதல் வரியில் போடுங்கள். 3 பொருந்துகிறது, √9 = 3. −2 போட்டால் இடப்பக்கம் √4 = 2, வலப்பக்கம் −2. பொருந்தாது. தப்பு எங்கேயும் செய்யவில்லை, ஆனாலும் வேண்டாத விடை வந்திருக்கிறது, ஏனென்றால் 2, −2 இரண்டுக்கும் வர்க்கம் 4-தான், வர்க்கப்படுத்தினதும் அந்த வித்தியாசம் அழிந்துபோகிறது. அதனால் சாதாரண சமன்பாட்டில் சரிபார்ப்பது நம் கைத்தப்பைப் பிடிப்பதற்கு, வர்க்கப்படுத்தின சமன்பாட்டில் சரிபார்ப்பது கணக்கின் ஒரு பகுதி. பிடிபடுவது சேர்ந்த விடை மட்டும்தான். வகுத்துத் தொலைத்த விடையை எத்தனை தடவை சரிபார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது, உங்கள் மகளுக்கு 25 = 25 வந்ததே, அப்படித்தான்.


பழங்கணக்கு:

இருபடி வந்துவிட்டதால் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். காரணிப்படுத்த வராத கணக்குகளில் வர்க்கப் பூர்த்தி செய்யச் சொல்வார்கள், அதாவது இடப்பக்கத்தை ஒரு முழு வர்க்கமாக்குவது, அதில் முதல் கெழுவால் (க²-க்கு முன்னால் உள்ள எண்) வகுத்தவுடன் பின்னம் பின்னமாகக் கொட்டும், பிள்ளைகள் அங்கேயே சோர்ந்துவிடும். 3க² + 5க − 2 = 0 என்று வைத்துக்கொள்ளுங்கள் (இது காரணிப்படும், முறையைக் காட்டத்தான் எடுக்கிறேன்). 3-ஆல் வகுத்தால் 5/3, அதில் பாதி 5/6, அதன் வர்க்கம் 25/36... வகுக்காமல், முதல் கெழுவின் 4 மடங்கால், அதாவது 12-ஆல் பெருக்குங்கள்:

36க² + 60க = 24
36க² + 60க + 25 = 49 (நடுக் கெழு 5, அதன் வர்க்கம் 25-ஐ இருபுறமும் கூட்டு)
(6க + 5)² = 49
6க + 5 = 7 அல்லது −7
க = 1/3 அல்லது −2

கடைசி வரி வரைக்கும் பின்னமே இல்லை. இந்த முறை ஸ்ரீதரர் என்ற பழைய இந்தியக் கணிதரின் பெயரில் வழங்குகிறது. அவருடைய இயற்கணித நூல் நமக்குக் கிடைக்கவில்லை, 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் அந்த விதியை எடுத்துக் காட்டியதால்தான் தெரியவந்தது. எண்களுக்குப் பதில் எழுத்துகளை வைத்து இதையே செய்தால் பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்யச் சொல்லும் சூத்திரம் அப்படியே வந்துவிடும், 49 நின்ற இடத்தில்தான் தன்மைக்காட்டி (விடைகள் எப்படிப்பட்டவை என்று காட்டும் பகுதி) வந்து நிற்கும்.


கோடுபோட்டநோட்டு:

சொற்கணக்கு பற்றி யாரும் பேசவில்லையே, என் தம்பி அங்கேதான் மாட்டுவான். “ஒரு பள்ளியில் மாணவர்கள் ஆசிரியர்களைப் போல் 20 மடங்கு” என்றால் வாக்கியத்தில் வருகிற வரிசையிலேயே 20ம = ஆ என்று எழுதிவிடுவான். ஆசிரியர் 2 பேர் என்று வைத்தால் மாணவர் 40, அதை அவன் சமன்பாட்டில் போட்டால் 800 = 2. ம = 20ஆ என்பதுதான் சரி. தீர்க்க ஆரம்பிக்கும் முன்னால் இப்படிச் சின்ன எண் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டால் போதும், தப்பான சமன்பாட்டைப் பக்கம் பக்கமாகத் தீர்க்கிற வேலை மிச்சம்.


நிலாமுற்றம்:

எல்லோருக்கும் நன்றி. ஓரத்தில் “இருபுறமும்” எழுதுவது அவளுக்கே பிடித்துவிட்டது. வகுப்பில் இப்போது அசமன்பாடு தொடங்கியிருக்கிறார்கள். −2க < 8 என்பதில் −2-ஆல் வகுத்தால் குறி திரும்ப வேண்டும், க > −4 என்று சொல்லியிருக்கிறார்கள். மறுபடியும் “ஏன் திரும்பணும்?” என்று நிற்கிறாள். மனப்பாடம் செய் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.


சாயங்காலவகுப்பு:

3 < 5. இரண்டையும் −1-ஆல் பெருக்கினால் −3, −5. எண்கோட்டில் பூச்சியத்துக்கு இந்தப் பக்கம் வந்ததும் −3 தான் பெரியது, அதனால் −3 > −5. திரும்புவதற்குக் காரணம் அதுதான். அதையும் நம்ப மாட்டேன் என்றால் கழித்தல் எண்ணால் வகுக்கவே வேண்டாம், இருபுறமும் 2க-வைக் கூட்டச் சொல்லுங்கள்:

−2க < 8
0 < 8 + 2க (இருபுறமும் +2க)
−8 < 2க (இருபுறமும் −8)
−4 < க (இருபுறமும் ÷2)

எங்கேயும் குறியைத் திருப்பவில்லை, விடை அதேதான். அடுத்து −3க + 1 > 10-ஐ இரண்டு விதமாகவும் போடச் சொல்லுங்கள், இரண்டிலும் க < −3 வர வேண்டும்.